ஷட்டர் இறங்கிய கடைவீதியைத் திரும்பத் தூக்கி நிறுத்த: கொங்கு ஊர்களுக்கு ஒரு வழிகாட்டி

தன் ஊர்க் கடைவீதியை மீட்கும் வேலையை முதன்முறையாகக் கையில் எடுப்பவருக்கு இந்தக் குறிப்பு. கடைக்காரர் சங்கத்துக்குப் புதிதாகச் செயலாளர் ஆனவருக்கும், அப்பாவின் கடையை ஏற்று நடத்த வந்த பிள்ளைக்கும் இது உதவும். கொரோனா அடைப்பில் மூடிய கடைகளில் பல மீண்டும் திறந்தாயிற்று. ஆனாலும் நாலு கடைக்கு ஒன்று பூட்டிக் கிடந்தால் மற்ற மூன்றுக்கும் ஆள் வராது. அதனால் ஒரு கடையை மட்டும் காப்பாற்றப் பார்ப்பதில் பயன் இல்லை. வீதியை மொத்தமாகத்தான் எடுக்க வேண்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கடன் விண்ணப்பத்தில் ஆரம்பிக்காதீர்கள். பாக்கியும் காகிதமும் வாடகையும் சரியாகாமல் வாங்கும் கடன் பழைய ஓட்டையை அடைக்கவே போய்விடும், சரக்குக்கு வராது. கீழே கடன் ஆறாவது படியாக வருவது இதனால்தான்.

60 முதல் 100 கடை வரை உள்ள வீதி என்றால் வேலைக்கு ஐந்து மாதம் வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி வியாபாரம் கைக்கு வர வேண்டுமானால் வைகாசிக் கடைசியில் தொடங்க வேண்டும். ஆடிக்குள் காகித வேலையை முடித்து, ஆவணியில் கடன், புரட்டாசியில் தெரு வேலை என்று போனால், ஐப்பசிக்கு சரக்கு ஏறிவிடும்.

1. இரண்டு நாள் ஒதுக்கி வீதியை எண்ணுங்கள்

ஒரு நீள நோட்டும் இரண்டு பேரும் போதும். ஒரு நாள் சாதாரண வேலை நாளாகவும், இன்னொன்று சந்தை நாளாகவும் இருக்கட்டும். வீதியின் ஒரு முனையில் தொடங்கி இடப்பக்கம் முழுக்கப் போய், வலப்பக்கமாகத் திரும்பி வாருங்கள். பூட்டிய கடையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நோட்டில் அதற்கும் ஒரு வரி வேண்டும்.

கடை ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டியவை: கதவு எண், சொந்தமா வாடகையா, கட்டடக்காரர் உள்ளூரா வெளியூரா, மாத வாடகை, அட்வான்ஸ், பாக்கி மாதங்கள், மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறது, ஜிஎஸ்டி உண்டா, இருந்தால் உயிரோடு இருக்கிறதா, உத்யம் (மத்திய அரசின் சிறு, குறு தொழில்) பதிவு உண்டா, தராசில் கடைசியாக முத்திரை வைத்த தேதி, கடையில் நிற்கும் ஆட்கள்.

வியாபாரம் எவ்வளவு என்று நேராகக் கேட்காதீர்கள். யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. “கொரோனாவுக்கு முந்தி கடையில எத்தனை பேருங்க நின்னாங்க, இப்ப எத்தனை பேருங்க?” என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். ஐந்து பேர் நின்ற ஜவுளிக் கடையில் இன்று முதலாளியும் ஒரு பெண்ணும் மட்டும்தான் என்றால் மிச்சத்தை நீங்களே கணக்குப் போடலாம்.

ஆள் நடமாட்டத்தையும் எண்ண வேண்டும். வீதியின் நடுவில் நின்று காலை 11, மதியம் 3, மாலை 6, இரவு 8 என நாலு வேளை, வேளைக்கு 15 நிமிடம். நடந்து போகிறவர்களுக்கு ஒரு பத்தி, கடைக்குள் ஏறுகிறவர்களுக்கு இன்னொரு பத்தி. மாலை 6 மணிக்கு 200 பேர் நடந்து 15 பேர்தான் ஏறினார்கள் என்றால் சிக்கல் கடைக்குள்ளே: சரக்கு இல்லை, அல்லது விலை ஒத்துவரவில்லை. 6 மணிக்கே 40 பேர்தான் நடக்கிறார்கள் என்றால் சிக்கல் வீதியில்: வெளிச்சம், வண்டி நிறுத்தம், கழிப்பறை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, தெருவுக்கு விளக்குப் போட வேண்டிய காசில் விளம்பரப் பலகை வைத்தவர்கள் நிறைய.

பூட்டிய கடைகளை நாலாகப் பிரியுங்கள். காலி செய்துவிட்டு ஆள் தேடும் கடை. உள்ளே சரக்கோடு பூட்டிய கடை. பாகப் பிரிவினையிலோ வழக்கிலோ நிற்கும் கடை. குடோனாக மாறிய கடை. எந்த வகை என்பதை ஷட்டரே பாதி சொல்லிவிடும். பூட்டில் எண்ணெய் மினுங்கி, அடிப்பட்டை உராய்ந்து பளபளவென்று இருந்தால் யாரோ வந்து போகிறார்கள், அது குடோன். அடிப்பட்டையில் மண் அடைந்து துரு ஏறி, இடுக்கில் பழுத்துப்போன நோட்டீஸ் செருகியிருந்தால் உரிமையாளரைத் தேடிப் போக வேண்டும். முதல் ஐந்து மாதத்தில் முதல் இரண்டு வகையை மட்டும் எடுங்கள். வழக்கில் நிற்கும் கடைக்குப் பின்னால் அலைந்தால் ஆண்டே போய்விடும்.

2. சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்

பல ஊர்களில் சங்கம் உண்டு. பலகையும் உண்டு, பதிவு மட்டும் இருக்காது. பதிவு இல்லாவிட்டால் சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. சந்தா ஒருவருடைய சொந்தக் கணக்கில் சேரும், ஆறாவது மாதம் சண்டை வரும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குறைந்தது 7 பேர் வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்க அமைப்புக் குறிப்பு, துணை விதிகள், உறுப்பினர்களின் அடையாள, முகவரிச் சான்று, சங்க அலுவலகம் இருக்கும் கட்டடக்காரரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். பெயருக்கு மூன்று மாற்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பதிவான பெயரைப் போல இருந்தால் திருப்பி விடுவார்கள்.

பலரும் சறுக்குவது பதிவுக்குப் பிறகுதான். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7 கொடுக்க வேண்டும். இதைச் செய்யாத சங்கம் காகிதத்தில் செத்துப்போகும், புதுச் செயலாளரின் கையெழுத்தை வங்கி ஏற்காது. பழைய சங்கத்தை உயிர்ப்பிப்பதா புதிதாகப் பதிவதா என்ற கேள்வி வந்தால், விட்டுப்போன ஆண்டுகளின் கணக்குப் புத்தகம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். புத்தகம் இல்லையென்றால் புதிதாகப் பதிவது சுலபம்.

சந்தாவைக் குறைவாக வையுங்கள். 60 கடை, கடைக்கு மாதம் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். மாதம் 500 கேட்டால் 20 கடைதான் தரும், அந்த 20 பேரும் சங்கம் தங்களுடையது என்று நினைத்துக்கொள்வார்கள்.

3. காகிதங்களை உயிர்ப்பியுங்கள்

கடைக்காரர்களைப் பத்துப் பத்துப் பேராகக் கூப்பிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்திலோ கோயில் திண்ணையிலோ உட்காருங்கள். கணினி தெரிந்த பையன் ஒருவரும் கணக்கர் ஒருவரும் கூட இருந்தால் ஒரு நாளில் பத்துக் கடையை முடிக்கலாம். எல்லோரும் கொண்டு வர வேண்டியவை: ஆதார் (அதில் இணைத்த செல்போனும் கையில் இருக்க வேண்டும், ஓடிபி அதற்குத்தான் வரும்), பான் அட்டை, வங்கிப் புத்தகம், வாடகை ஒப்பந்தம், கடைசி மின் கட்டண ரசீது, கட்டடத்தின் சொத்து வரி ரசீது.

உத்யம். ஆதாரும் பானும் இருந்தால் 20 நிமிட வேலை. கட்டணம் கிடையாது, ஆவணம் எதையும் ஏற்றவும் வேண்டாம். தேடுபொறியில் முதலில் வரும் தனியார் தளங்கள் அரசுத் தளம் போலவே இருக்கும், ஆயிரம் இரண்டாயிரம் என்று கேட்கும். முகவரி ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா பாருங்கள். சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையிலிருந்து இதில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் பலன் வங்கியில் முன்னுரிமைக் கடன் மட்டும்தான். 45 நாளில் பணம் தராத பெரிய கம்பெனி மேல் புகார் கொடுக்கும் வசதி உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் உண்டு, கடைக்காரருக்கு இல்லை. உங்கள் வீதியில் தையல் யூனிட்டோ பிரிண்டிங் கடையோ இருந்தால் அதை வியாபாரம் என்று தட்டிவிடாமல் உற்பத்தி அல்லது சேவை என்று சரியாகப் பதியுங்கள்.

ஜிஎஸ்டி. இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள். கடை மூடியிருந்த மாதங்களுக்கும் ‘நில்’ (விற்பனை இல்லை என்ற) ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டவர்களின் பதிவைத் துறை ரத்து செய்திருக்கும், கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. எண்ணைத் தளத்தில் அடித்தால் நிலை தெரியும். ரத்து உத்தரவு வந்து 90 நாளுக்குள் என்றால் பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டுவிட்டு மீட்க விண்ணப்பிக்கலாம். காரணம் சொல்லிக் கூடுதல் அவகாசம் கேட்கவும் வழியுண்டு. அதுவும் தாண்டிவிட்டால் புதுப் பதிவுதான். அதற்கு முன் பழைய எண்ணுக்கு இறுதி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-10 போட்டாயிற்றா என்று பாருங்கள். அதை விட்டுவிட்டுப் புதுப் பதிவு வாங்கியவருக்குப் பழைய நோட்டீஸ் பின்னாலேயே வரும்.

ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, சரக்கு மட்டும் உள்ளூரில் விற்பவர் என்றால் ஜிஎஸ்டி கட்டாயம் இல்லை. 1.5 கோடிக்குள் இருப்பவர் காம்போசிஷனில், அதாவது விற்பனை மேல் ஒரே குறைந்த சதவீதம் கட்டும் முறையில், போகலாம். வியாபாரிக்கு 1 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கட்டினால் போதும். ஆனால் ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய பள்ளம் இதில் இருக்கிறது. காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஈரோடு கனி மார்க்கெட் போலவோ திருப்பூர் காதர்பேட்டை போலவோ கேரளா, கர்நாடகா வியாபாரிகளை நம்பியிருக்கும் கடை, பாலக்காட்டுக்கு ஒரே ஒரு பார்சல் போட்டாலும் காம்போசிஷன் போய்விடும். வரி சுலபமாகிறதே என்று மாறிவிட்டு, பிறகு பெரிய வாடிக்கையாளரை இழக்காதீர்கள்.

தராசு. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வேண்டும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்து, வீதி முழுக்க ஒரே நாளில் முத்திரை வைக்க முகாம் கேளுங்கள். பூட்டிக் கிடந்த கடையின் தராசில் பேட்டரி உப்பிப்போய் அளவு தவறியிருக்கும். முகாமுக்கு முன்னால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

தொழில் உரிமம். நகராட்சியிலோ மாநகராட்சியிலோ புதுப்பிக்கப் போனால் பெரும்பாலும் நிற்பது ஒரே இடத்தில்: கட்டடத்தின் சொத்து வரி பாக்கி. வாடகைக்காரர் எவ்வளவு அலைந்தாலும் இது தீராது, கட்டடக்காரர்தான் கட்ட வேண்டும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு தடவை. ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் 31க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. இதைக் கட்டடக்காரர்களுக்கு மார்ச் கடைசியில் நினைவூட்டுவதைச் சங்கம் ஒரு வேலையாகவே வைத்துக்கொள்ளலாம். வாடகைப் பேச்சுக்குப் போகும்போது அவர்களுக்கு நீங்கள் ஏற்கெனவே ஒரு நல்லது செய்திருப்பீர்கள்.

டீக்கடை, பேக்கரி, பலகாரக் கடைகளுக்கு உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதையும் இதே நாளில் பாருங்கள்.

4. வாடகையைப் பேசி எழுதி முடியுங்கள்

கடைக்காரர் தனியாகப் போய்ப் பேசினால் கெஞ்சுவதாக ஆகிவிடும். சங்கத்தில் வயதில் மூத்த ஒருவர், கட்டடக்காரர் மதிக்கும் ஒருவர், கூடப் போக வேண்டும். கையில் முதல் படியில் எழுதிய நோட்டு இருக்கட்டும். “உங்க கட்டடத்துக்கு ரெண்டு பக்கமும் மூணு கடை காலியா கெடக்குதுங்க” என்று நோட்டைத் திறந்து காட்டுவது வேறு எந்த வாதத்தையும் விட நன்றாக வேலை செய்யும்.

கணக்கு இப்படிப் போடலாம். மாத வாடகை 12,000, அட்வான்ஸ் 1,20,000, பாக்கி 8 மாதம், அதாவது 96,000 என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸில் 60,000 கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீதி 36,000 ரூபாயை மாதம் 2,000 வீதம் 18 மாதத்தில் கட்டலாம். வாடகை முதல் ஆறு மாதம் 9,000, அடுத்த ஆறு மாதம் 10,500, பிறகு பழையபடி 12,000. கட்டடக்காரர் விட்டுக்கொடுப்பது மொத்தம் 27,000. கடை ஆறு மாதம் காலியாகக் கிடந்தால் அவருக்குப் போவது 72,000. இந்த இரண்டு எண்ணையும் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அங்கேயே முடிவு கேட்காதீர்கள். வீட்டில் கலந்து பேச அவருக்கு ஒரு வாரம் வேண்டும்.

ஒத்துக்கொண்டதும் எழுத்தில் போடுங்கள். 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். கடைகளுக்கும் இது பொருந்தும். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஒப்பந்தத்தை வைத்து வங்கியில் கடன் கேட்கப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொரு பள்ளம். கடைக்காரர் சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருந்து கட்டடக்காரர் பதிவு இல்லாதவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மேல் 18 சதவீதத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும். 12,000 வாடகைக்கு மாதம் 2,160 ரூபாய். காசாகக் கட்டிவிட்டு உள்ளீட்டு வரியாக (விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழிக்கும் வரியாக) எடுத்துக்கொள்ளலாம் என்றாலும், கட்டாமல் விட்டால் வட்டி ஏறும். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இது இல்லை.

நகராட்சிக் கடைகள் தனிக் கதை. அங்கே வாடகையைக் குறைக்க ஆணையரால் தானாக முடியாது, மன்றத் தீர்மானமும் அரசின் அனுமதியும் வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை உள்வாடகை. ஏலம் எடுத்தவர் ஒருவர், கடையில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர் என்றால் உரிமமும் கடனும் கடைக்காரர் பேரில் கிடைக்காது. அந்தக் கடைகளை நோட்டில் சிவப்பு மையில் குறியுங்கள். அடுத்த ஏலம் எப்போது என்று தெரிந்துகொண்டு, அதற்குள் அவர் சொந்தப் பேரில் எடுக்கப் பணம் சேர்க்கச் சொல்லுங்கள்.

5. பாக்கிகளில் எதை முதலில் அடைப்பது

கையில் இருப்பது கொஞ்சம், பாக்கி நாலு பக்கம் என்றால் வரிசை முக்கியம். எங்கள் கணிப்பில் முதலில் தண்டல் (தினவசூல் கடன்), பிறகு மின் கட்டணம், பிறகு ஜிஎஸ்டி, பிறகு வங்கி, கடைசியில் சரக்குக் கொடுத்தவர்.

தண்டலை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாயிரம் என்று எழுதி 8,500 ரூபாய் கையில் கொடுப்பார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 1,500 தானே என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக உங்கள் கையில் இருந்தது 4,250 ரூபாய் அளவுதான். 100 நாளில் அதன் மேல் 1,500 என்றால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்தச் சில்லறை வியாபாரத்திலும் இந்த லாபம் வராது. வீட்டில் சும்மா கிடக்கும் நகையைக் கூட்டுறவு வங்கியில் வைத்தாவது இதை முடித்துவிடுங்கள். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003இலும் 2025இலும் சட்டங்கள் வந்திருக்கின்றன. மிரட்டல் வந்தால் சங்கத்தின் கடிதத்தோடு காவல் நிலையம் போகலாம். தனியாக விட்டுவிடாதீர்கள்.

மின் கட்டணத்தில் பாக்கி இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். காலிக் கடையைப் புதிதாக எடுக்கிறவர், பழைய ஆளின் பாக்கி இருக்கிறதா என்று இணைப்பு எண்ணை வைத்துப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. கடை இணைப்பில் கரண்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட் கணக்கில் நிலைக்கட்டணம் உண்டு. இரண்டு ஏசி ஓடிய காலத்தில் 8 கிலோவாட் வாங்கிவிட்டு இப்போது 3 கிலோவாட்டில் ஓட்டுகிறவர், மின்பளுவைக் குறைக்க எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு பில்லிலும் மிச்சம்.

வங்கிக் கடன் 90 நாள் தவறியிருந்தால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போயிருக்கும். ஒரே தவணையில் குறைத்து முடிக்க வங்கி கூப்பிடலாம். முடித்தால் சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், அடுத்த கடனுக்கு அது தடை. முடிந்தவரை முழுதாகக் கட்டி ‘க்ளோஸ்டு’ என்று வாங்கப் பாருங்கள். எப்படி முடித்தாலும் பாக்கி இல்லை என்ற கடிதம் இல்லாமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.

தேங்கிய சரக்கைப் பற்றி ஒன்று. அடைப்பில் தேங்கிய சேலையையும் பள்ளிப் பையையும் கெட்டுப்போனது என்று கணக்கிலிருந்து தள்ளினால், அதற்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அசலுக்குக் கீழே தள்ளுபடியில் விற்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆடித் தள்ளுபடியில் முழு வீதியுமாகப் பழைய சரக்கை இறக்குங்கள். காசும் வரும், அலமாரியும் காலியாகும்.

6. இப்போது கடன்

முதலில் சிபில் அறிக்கை. நாலு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு இருந்தது. அந்த மாதங்களைத் தவறியதாகக் காட்டியிருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

தள்ளுவண்டி, நடைபாதைக் கடைகளுக்குப் பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டம். 2020 ஜூனில் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் மாற்றியபின் 15,000, பிறகு 25,000, பிறகு 50,000. திட்டம் 2030 மார்ச் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். நகராட்சி கொடுத்த வியாபாரி அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம்தான் வழி. அதற்குச் சங்கம் எழுதித் தரும் சான்று உதவும்.

கடைகளுக்கு முத்ரா, சிறு தொழிலுக்கான மத்திய அரசின் கடன் திட்டம். சிசு 50,000 வரை, கிஷோர் 5 லட்சம் வரை, தருண் 10 லட்சம் வரை. ஈடு கேட்கக் கூடாது. வங்கியில் கேட்டால் எழுத்தில் தரச் சொல்லுங்கள், பெரும்பாலும் அங்கேயே பேச்சு மாறும். காலிக் கடையைப் பிடித்துப் புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞருக்கு மாவட்டத் தொழில் மையத்தில் வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டம் உண்டு, 25 சதவீத மானியத்தோடு. பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம். இளைஞர் திட்டம் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் கடையை மனைவி பேரில் புதுக் கடை என்று காட்டி விண்ணப்பித்தால் நேரடி ஆய்வில் மாட்டுவார்கள், அந்தத் தடம் அழியாது.

வங்கிக்குக் கொண்டு போகும் கோப்பில் கடைசி 12 மாதக் கணக்கு அறிக்கை, உத்யம், ஜிஎஸ்டி ரிட்டர்ன், வாடகை ஒப்பந்தம், சரக்குக் கொடுப்பவரின் விலைப்பட்டியல் ஆகியவை இருக்கட்டும். விலைப்பட்டியலில் தேதி பழசாக இருந்தால் கோப்பு நிற்கும். விண்ணப்பத்துக்கும் பணத்துக்கும் இடையே ஆறு முதல் பத்து வாரம் என்று கணக்கு வைத்துக்கொண்டு சரக்குக்கு வாக்குக் கொடுங்கள்.

எவ்வளவு கேட்பது? ஒரு சீசனுக்கு விற்கும் சரக்கின் விலை எவ்வளவோ அவ்வளவுதான். கடையை அலங்கரிக்கக் கடன் வாங்காதீர்கள்.

7. தெருவில் செய்ய வேண்டியது

சாலை யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். நம் பக்கத்துச் சிற்றூர்களில் கடைவீதியே மாநில நெடுஞ்சாலையாக இருக்கும். அப்படியானால் நகராட்சியிடம் கொடுத்த மனு அங்கேயே தூங்கும், நெடுஞ்சாலைத் துறையிடம்தான் போக வேண்டும்.

நகராட்சிச் சாலை என்றால் நமக்கு நாமே திட்டத்தைப் பிடியுங்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 6 லட்ச ரூபாய் வேலைக்கு வீதி 2 லட்சம் சேர்த்தால் போதும். கழிப்பறை, விளக்கு, வடிகால் மூடி இதில் வரும். மூன்றில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், தயங்காமல் பெண்களுக்கான கழிப்பறை. கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வெள்ளகோவிலிலிருந்தோ அந்தியூரிலிருந்தோ வரும் குடும்பம் நாலு மணி நேரம் வீதியில் இருக்கும். போக ஓர் இடம் இல்லையென்றால் இரண்டாவது கடை ஏறாமலே பஸ் ஏறிவிடும்.

தள்ளுவண்டிகளை விரட்ட வேண்டாம். 2014ஆம் ஆண்டுச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுத்துச் சான்று கொடுக்காமல் அவர்களை அகற்ற முடியாது. நகர விற்பனைக் குழுவில் பத்தில் நாலு இடம் அவர்களுடையது. அதோடு, பூக்காரம்மாவும் கடலை வண்டியும் இருக்கிற இடத்தில்தான் ஆள் நிற்கும். கடை வாசலில் மூன்றடி விட்டு மஞ்சள் கோடு போட்டு, அதற்கு அப்பால் அவர்களுக்கு இடம் ஒதுக்கிப் பேசி முடியுங்கள்.

வண்டி நிறுத்தத்தில் முதல் குற்றவாளி கடைக்காரரே. காலை 9 மணிக்குக் கடை வாசலில் நிறுத்திய சொந்த பைக் இரவு 9 வரை நகராது. 60 கடை முதலாளிகளும் ஆட்களும் தங்கள் வண்டியைச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு நடந்து வந்தாலே நூறு வாடிக்கையாளருக்கு இடம் கிடைக்கும். இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

8. ஆள் வரும் நாளுக்குக் கடை திறந்திருக்கட்டும்

நம் பக்கம் காசு எந்த நாளில் புழங்குகிறது என்பதை வைத்து வீதியின் நேரத்தை அமையுங்கள். திருப்பூர் சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனிச் சம்பளம் சனிக்கிழமை மாலை. அன்று இரவு 10 வரையும், ஞாயிறு முழுதும் திறக்காத கடை அந்த வாரத்தையே இழக்கிறது. ஞாயிறு திறந்தால் ஆட்களுக்குச் செவ்வாய் விடுமுறை கொடுங்கள். கடையில் நிற்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்பது 2021 முதல் சட்டம். மஞ்சள் வட்டாரத்தில் தை, மாசி அறுவடைக்குப் பின் விவசாயி கையில் பணம் இருக்கும். ஈரோட்டில் பங்குனி மாரியம்மன் பண்டிகை. காங்கேயம், தாராபுரம் வழியில் தைப்பூசப் பாதயாத்திரை. ஆவணி, கார்த்திகை, தையில் முகூர்த்தங்கள். மார்கழியில் கல்யாண ஜவுளிக்கு ஆள் எதிர்பார்க்காதீர்கள், அந்த மாதத்தில் கடைக்கு வெள்ளை அடியுங்கள்.

தேர்தல் அறிவித்தால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு வரும் வெளியூர் வியாபாரி பறக்கும் படையிடம் மாட்டுவார், மொத்தச் சந்தை அடங்கிவிடும். அந்த வாரங்களில் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே போன் செய்து, வங்கி வழியாகப் பணம் போடச் சொல்லுங்கள், அல்லது பில்லும் வங்கியில் எடுத்த சீட்டும் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

யுபிஐ வாங்கக் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. சத்தம் போடும் பெட்டிக்கு மாத வாடகை பிடிப்பார்கள், வேண்டுமா என்று யோசித்து வாங்குங்கள். யுபிஐயில் வருவதும் விற்பனைக் கணக்கில் சேரும். 2025இல் பெங்களூருவில் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது இதனால்தான். வீட்டுப் பணத்துக்கு ஒரு கணக்கு, கடைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துவிட்டால் பயப்பட வேண்டியதில்லை.

9. அடுத்த அடைப்புக்கு முன்

சந்தாவில் கால் பங்கைத் தொடாமல் நிரந்தர வைப்பில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கடையின் ஆதார், உத்யம், ஒப்பந்தம், மின் இணைப்பு எண், தராசுச் சான்று எல்லாவற்றையும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றைச் சங்கத்திலும் ஒன்றைக் கடைக்காரர் வீட்டிலும் வைக்கச் சொல்லுங்கள். கடையில் மட்டும் வைத்தால் ஷட்டரோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். கடைக்குப் பக்கத்து நாலு தெருவில் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுக்கக்கூடிய பையன்களின் போன் எண்களை ஒரு தாளில் எழுதி, அதையும் அந்தக் கோப்பில் செருகுங்கள். ஆடிக்கு ஒரு தடவை, தைக்கு ஒரு தடவை முதல் படியில் செய்த கணக்கெடுப்பை அதே நோட்டில் அடுத்த பக்கத்தில் திரும்ப எடுங்கள்.